நாலரை வயசுக்கு ஊர்வன மேல இவ்வளவு பைத்தியம் இருக்கலாமா? (பாம்பு, பல்லி, ஆமை எல்லாமே!)

ஈரமண்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப காலமா படிக்கிறதோட சரி, எழுதினதில்லை. இப்போ கேட்க ஆள் இல்லாம வந்திருக்கேன்.

பொண்ணுக்கு நாலரை வயசு. பாம்பு, பல்லி, ஓணான், ஆமை, முதலை, உடும்பு. இதைத் தாண்டி உலகத்துல எதுவும் அவ கண்ணுல படறதில்லை. ராஜகுமாரி கதை ஆரம்பிச்சா "அகழியில முதலை இருக்கா?"ன்னு முதல் கேள்வி. இல்லைன்னா கதை அத்தோட முடிஞ்சது. சாயங்காலம் விளக்கு போட்டதும் டியூப்லைட் கிட்ட வர்ற பல்லிக்காக நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துடுவா. மத்த நேரம் வயித்தால ஊர்ந்துதான் நடமாட்டம், நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கிட்டு. எல்லாச் சட்டையிலயும் முன்பக்கம் மட்டும் அழுக்கு.

பள்ளிக்கூடத்துல "வேற ஏதாவது பக்கம் கவனத்தைத் திருப்புங்க"ன்னு சொல்லிட்டாங்க. என் சந்தேகங்கள்:

ஒரே விஷயத்துல இப்படி மூழ்கிக் கிடக்கறது சரிதானா? எனக்குப் பாம்புன்னா படத்தைப் பார்த்தாலே உடம்பு கூசும். அந்தப் பயம் அவளுக்கு ஒட்டிக்காம இருக்க என்ன செய்ய? தினமும் ஒரு ஆமையோ பல்லியோ வளர்க்கணும்னு கேட்கறா, வாங்கலாமா? போன வாரம் செடிக்குள்ள இருந்த ஓணானைப் பிடிக்கக் கை நீட்டிட்டா. அது ஓணான், சரி. பாம்பா இருந்தா?

இருகோடு

எங்க வீட்டுல இதே கூத்து, ஆனா பொக்லைன். ரோட்டுல மண் தோண்டற வண்டியைப் பார்த்துட்டா எங்க போறோம் எதுக்குப் போறோம் எல்லாம் மறந்துடும். ஒரு நாள் தானா கிரகங்களுக்கு மாறிட்டான். இப்போ வியாழனுக்கு எத்தனை நிலான்னு என்னைப் பரீட்சை பண்றான். பொக்லைனே தேவலாம் போல.

தூரிகை

ஈரமண், கவலைப்பட வேண்டியதில்லை. குழந்தைகளின் மனவளர்ச்சி சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சின்ன வயதில் ஒரே பொருளின் மேல் வரும் இந்த அளவுகடந்த ஈடுபாட்டை ஆராய்ந்து ஜூடி டெலோச் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இப்படி ஒன்று இருப்பதாகப் பெற்றோர் சொன்னார்கள். வண்டிகள், டைனோசர்கள் முன்னணியில். பையன்களிடம் அதிகம், ஆனால் பெண் குழந்தைகளிடமும் உண்டு. "பெண் பிள்ளைக்கு எதற்குப் பாம்பு" என்று யாராவது கேட்டிருந்தால் (நிச்சயம் கேட்டிருப்பார்கள்) காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எது பிடிக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மற்ற விஷயங்களைப் பாருங்கள். பல்லியைக் கண்டால் "அம்மா, அங்க பாரு" என்று விரல் நீட்டி உங்களைக் கூப்பிடுகிறாளா? நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுகேள்வி கேட்கிறாளா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? சாப்பிட, தூங்க, மற்ற பிள்ளைகளோடு விளையாட இது தடையா? முதல் மூன்றுக்கும் ஆம், கடைசிக்கு இல்லை என்றால், ஆர்வமுள்ள குழந்தை, அவ்வளவுதான். கூப்பிட்டால் திரும்பாமல், யாரையும் பகிர அழைக்காமல், வந்த பேச்சு குறைந்துகொண்டே போனால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதை அவளுக்கு ரயில் பிடித்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"கவனத்தைத் திருப்புங்கள்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாம்பை வைத்தே எண்ணவும், நீளம் அளக்கவும், எழுத்துக் கூட்டவும் கற்றுத் தரலாமே. பிடித்த விஷயம் கைவசம் இருக்கும்போது அதைப் பிடுங்கிவிட்டு வேறு தேடுவானேன்?

நடுநிசி

மாற்றுக் கருத்து சொல்ல ஒருத்தராவது வேண்டும், நானே சொல்கிறேன். பாம்பு பயம் மனிதனுக்குப் பிறவியிலேயே வருவது. அது நம்மைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. அதைப் போய் ஏன் அழிக்க வேண்டும்? பயமில்லாத நாலு வயது, பயமுள்ள நாலு வயதைவிட ஆபத்தானது. ஓணான் பக்கம் கை போனதே போதாதா?

தூரிகை

நடுநிசி, கடைசி வரி சரி. முதல் வரி பாதிதான் சரி.

டெலோச்சும் வனெசா லோபியுவும் 2008இல் ஒரு சோதனை செய்தார்கள். நிறைய பூப்படங்களுக்கு நடுவே ஒரு பாம்புப் படம், அல்லது நிறைய பாம்புப் படங்களுக்கு நடுவே ஒரு பூ. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளும் சரி, பெரியவர்களும் சரி, பாம்பைத்தான் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். தவளை, கம்பளிப்பூச்சியோடு ஒப்பிட்டபோதும் அப்படியே. ஆக, பாம்பு சட்டென்று கண்ணில் படுகிறது என்பது உண்மை. அதுவே பயம் ஆகிவிடாது.

அடுத்த வருடம் கைக்குழந்தைகளிடம் பார்த்தார்கள். பாம்பு ஓடும் காட்சியையும் வேறு விலங்குகளின் காட்சியையும் வெறுமனே காட்டியபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பின்னணியில் பயந்த குரல் ஒலித்தபோதுதான் பாம்பை அதிக நேரம் உற்றுப் பார்த்தன. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் தவழும், நடக்கும் வயதுக் குழந்தைகள் இருந்த அறையில் பொம்மைகளோடு கூண்டுக்குள் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார்கள். பாம்பும் சிலந்தியும் அதில் உண்டு. பிள்ளைகள் பொம்மையை விட்டுவிட்டு விலங்குகளிடம் போனார்கள், பாம்பை ஒதுக்கவும் இல்லை.

குழந்தை பாம்பைக் கவனிக்கத் தயாராகப் பிறக்கிறது. பயப்படலாமா வேண்டாமா என்பதை நம் குரலைக் கேட்டு எடுத்துக்கொள்கிறது. ஈரமண், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுதான் பதில். உடம்பு கூசட்டும், அதை மறைத்து நடிக்கவும் வேண்டாம். "எனக்குப் பார்த்தா ஒரு மாதிரி இருக்கு, நீ பாரு, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். அலறாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பழைய பேனா

பல வருடம் உயிரியல் நடத்திய ஆள். இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. குழந்தை கேட்கும் கேள்விகளைப் போடுங்கள் அம்மா. அதற்குள் பல்லியிலிருந்து ஆரம்பிக்கிறேன், வீட்டிலேயே பார்க்கக்கூடியது என்பதால்.

ராத்திரி ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும்போது உள்ளே இருந்து அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுத்தோல் மெல்லியது, பெண் பல்லியாக இருந்தால் உள்ளே முட்டை வெள்ளையாகத் தெரியக்கூடும். தொண்டை துடிப்பது தெரியும். ஆனால் பார்க்க வேண்டியது பாதம். ஒவ்வொரு விரலின் அடியிலும் குறுக்கே மடிப்பு மடிப்பாகக் கோடுகள் இருக்கும். அந்த மடிப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர். டோக்கே என்ற பெரிய பல்லி இனத்தில் ஒரு பாதத்துக்குச் சுமார் 5 லட்சம் மயிர், ஒவ்வொன்றின் நுனியும் மறுபடி நூற்றுக்கணக்கில் பிரியும். பசையும் இல்லை, உறிஞ்சும் குழியும் இல்லை. இரண்டு பரப்புகள் மிக மிக நெருங்கும்போது அணுக்கூட்டங்களுக்கு இடையே தோன்றும் வான்டர்வால்ஸ் ஈர்ப்புதான் பல்லியைத் தாங்குகிறது. ஒற்றை மயிரின் பிடியை அளந்து கெல்லர் ஆட்டம் என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

அப்படி ஒட்டினால் காலை எப்படி எடுக்கும்? அதையும் கண்ணாடியிலேயே பார்க்கலாம். நகரும்போது விரல் நுனியை முதலில் மேல்நோக்கிச் சுருட்டும். நம் விரலை நாம் அப்படி வளைக்க முடியாது. நுனியிலிருந்து உரிந்துகொண்டே வருவதால் பிடி ஒரு நொடியில் விட்டுப்போகும். இதை ஒருமுறை கவனித்த பிள்ளை அப்புறம் பல்லியைத் துடைப்பத்தால் அடிக்காது.

இன்னொன்று. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் துடைத்துக்கொள்ளும். காத்திருந்தால் பார்க்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். உங்கள் பெண்ணுக்கு அது இருக்கிறது போலிருக்கிறது.

ஈரமண்

ஐயா! ராத்திரி எட்டு மணிக்கு வீடே ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு நின்னோம். விரல் சுருட்டறதை நானும் பார்த்தேன். இத்தனை வருஷம் இதே பல்லியைப் பார்த்து ஒதுங்கிப் போயிருக்கேன். சரி, அவ கேள்விகள் அப்படியே:

"பாம்புக்கும் இமை இல்லையா? அப்ப எப்படித் தூங்கும்?"
"நாக்கு ஏன் ரெண்டா இருக்கு?"
"பல்லி வாலு மறுபடி முளைச்சா உள்ள எலும்பு இருக்குமா?"
"ஆமை ஓட்டைக் கழட்டி வெச்சிட்டுக் குளிக்குமா?"
"முட்டைக்குள்ள பாப்பா பொண்ணா பையனான்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

கடைசிக் கேள்வியில நான் சமையலறைக்கு ஓடிட்டேன்.

பழைய பேனா

கடைசிக் கேள்விக்குத்தான் அருமையான பதில் இருக்கிறது, ஓடியிருக்க வேண்டாம்! எல்லா முதலைகளிலும் பெரும்பாலான ஆமைகளிலும் அதை முடிவு செய்வது சூடு. கடலாமை முட்டை புதைந்திருக்கும் மணல் வெதுவெதுப்பு கூடினால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள்; ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸ் பக்கம் இரண்டும் கலந்து வரும். பூமி சூடாவதன் விளைவு இதிலும் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த பச்சைக் கடலாமைகளை ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவில், வளரிளம் ஆமைகளில் 99 சதவீதம் பெண். "மணல் முடிவு பண்ணும்" என்று சொன்னால் அவளுக்குப் போதும்.

பாம்புக்கும் இமை இல்லை. அதற்குப் பதிலாகக் கண்மேல் கண்ணாடிபோல ஒரு செதில் நிரந்தரமாக மூடியிருக்கும். தூங்கும்போதும் கண் திறந்தபடிதான். தோலுரிக்கப் போகும் நாட்களில் அந்தச் செதில் பால்நீலமாகக் கலங்கிவிடும், பார்வை மங்கும். கடைசியில் தோலோடு சேர்ந்து அதுவும் கழன்று வரும். உரித்த சட்டை எங்காவது படத்தில் கிடைத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு வட்டச் சில்லு இருக்கும், தேடச் சொல்லுங்கள்.

நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள மணத்துகளை ஒற்றி எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்புக்குக் கொண்டுபோகும். இரண்டு நுனியில் எதில் மணம் கூடுதலோ இரை அந்தப் பக்கம். நமக்கு இரண்டு காது இருப்பதால் சத்தம் எந்தத் திசை என்று தெரிகிறதல்லவா, அதே ஏற்பாடு.

வால்: எலும்பு வராது. குருத்தெலும்புக் குழாய் ஒன்றுதான் உள்ளே ஓடும். முளைத்த வாலின் நிறமும் செதிலும் கொஞ்சம் மாறியிருக்கும், உங்கள் வீட்டுப் பல்லியிலேயே கண்டுபிடிக்கலாம்.

ஆமை ஓடு: கழற்றவே முடியாது. அதன் விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்துதான் மேலோடு. நீ உன் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிப்பாயா என்று கேளுங்கள்.

ஈரமண்

கேட்டேன். "முயற்சி பண்ணிப் பாக்கறேன்"னு சொல்லிட்டா.

சக்கரம்

இவ்வளவு ஆர்வம் இருக்கிற குழந்தைக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்துடுங்களேன். சின்னத் தண்ணி ஆமை, உள்ளங்கை அளவுதான் இருக்கும். தொட்டி, தண்ணி, தீவனம். நாய் பூனை மாதிரி தொல்லை இல்லை. பொறுப்பும் வரும்.

பச்சைவிளக்கு

சக்கரம், மன்னிக்கணும், இதைப் பார்த்துட்டுச் சும்மா போக முடியலை. நான் இருக்கிற நாட்டுல சட்டப்படி அனுமதி உண்டு, நான் ஊர்வன வளர்க்கிறவன். அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன்.

அந்த உள்ளங்கை ஆமை பெரும்பாலும் சிவப்புக்காது ஆமை. வளர்ந்தா ஓடு மட்டும் ஒரு அடி வரை போகும். 20, 30 வருஷம் இருக்கும். தண்ணியை அவ்வளவு அசிங்கம் பண்ணும், வடிகட்டி இல்லாம முடியாது. வெயில் காய மேடு, புறஊதா விளக்கு, சூடு தர்ற விளக்கு எல்லாம் வேணும். இதையெல்லாம் யாரும் சொல்லாமலேயே வித்துடறாங்க, அப்புறம் குளத்துல கொண்டுபோய் விடறாங்க. உலகத்தையே பாடாய்ப்படுத்தற 100 அயல் இனங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த பட்டியல்ல இந்த ஆமையும் இருக்கு. உள்ளூர் ஆமைக்கு வெயில் காய இடம் விடாது.

"சுலபம்"னு சொல்ற சிறுத்தைப் பல்லியே 15-20 வருஷம் வாழும். உயிருள்ள பூச்சிதான் தின்னும். அந்தப் பூச்சியை வளர்க்க இன்னொரு டப்பா. சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவலைன்னா எலும்பு வளைஞ்சுபோகும். தாடை ரப்பராட்டம் ஆன பல்லியை நான் பார்த்திருக்கேன், அதுக்கு அப்புறம் சரிசெய்ய முடியாது. தொட்டியில ஒரு மூலை சூடு, ஒரு மூலை குளிர்ச்சி, ரெண்டும் இருக்கணும், ஏன்னா அது தன் உடம்புச் சூட்டை இடம் மாறித்தான் சரிபண்ணிக்கும். இது எதையும் நாலு வயசு செய்யாது. அம்மாதான் செய்யணும். அம்மாவுக்குப் படத்தைப் பார்த்தாலே கூசுதாம்!

காட்டுல இருந்து பிடிச்சு வர்றது வேற கதை. பல நாடுகள்ல அது குற்றம். வாங்கறதுக்கு முன்னாடி அவங்கவங்க நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்க்காம கைவைக்கவே கூடாது.

மருந்துச்சீட்டு

சட்டம், விளக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். விலங்குக்கு எந்த நோய்க்குறியும் தெரியாது, பளபளவென்று ஆரோக்கியமாக இருக்கும். தோல், தொட்டித் தண்ணீர், தரை எல்லாவற்றிலும் கிருமி பரவியிருக்கும். பெரியவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போவது, சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் ஏறினால் மூளையுறை வரை போகலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975இல் தடை போட்டார்கள். ஏன் 4 அங்குலம்? அதைவிடச் சின்னதைத்தான் பிள்ளைகள் வாயில் வைத்துக்கொள்ளும்.

எங்காவது தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் இருக்கிறது என்று சோப்பை விட்டுவிடக் கூடாது. முத்தம் கூடவே கூடாது. வீட்டுச்சுவர்ப் பல்லியின் எச்சமும் இதில் சேர்த்தி.

சக்கரம்

நானெல்லாம் சின்ன வயசுல ஆமையைக் கையில வெச்சுக்கிட்டே சோறு தின்னவன். ஒண்ணும் ஆகலையே. எல்லாத்துக்கும் பயந்தா குழந்தை எப்படி வளரும்?

மருந்துச்சீட்டு

ஆகாதவர்கள்தான் வந்து எழுதுவார்கள். தொட்டவர்கள் எல்லோருக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் யாருக்கு மோசமாக வருகிறது என்பதுதான் கேள்வி, அது ஐந்து வயதுக்குக் கீழே. இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தால் அவளே கை கழுவத் தெரிந்தவளாகிவிடுவாள்.

நடுநிசி

எல்லோரும் வளர்ப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். நாலாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வெளியே உண்மையான பாம்பு வந்தால்?

ஒற்றையடிப்பாதை

வீட்டுக்குள்ள வந்த பாம்பை எடுத்து காட்டுல விடற வேலையில இருக்கேன். நடுநிசி கேட்டது சரியான கேள்வி.

நிறைய பெற்றோர் பண்ற வேலை, "இது விஷமுள்ளது, இது விஷமில்லாதது"ன்னு குழந்தைக்குப் படம் காட்டிச் சொல்லிக் கொடுக்கறது. படத்துல பாக்கட்டும், தப்பில்லை. ஆனா வெளியில அந்தப் பாடத்தை வெச்சு முடிவெடுக்கற பொறுப்பை அதுகிட்ட விடாதீங்க. கட்டுவிரியனையும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் ராத்திரி வெளிச்சத்துல பார்த்து பெரியவங்களே குழம்பறாங்க. நாலு வயசுக்கு ஒரே சட்டம்தான், எல்லாப் பாம்புக்கும் பொது: நில்லு, பின்னாடி போ, பெரியவங்களைக் கூப்பிடு. ஓணானுக்கும் இதே. ஓணானைத் தொடலாம் பாம்பைத் தொடக்கூடாதுன்னு ரெண்டு சட்டம் வெச்சா, புல்லுக்குள்ள வாலு மட்டும் தெரியறப்ப எதைப் பின்பற்றும்?

விளையாட்டாவே பழக்குங்க. கயித்தை வளைச்சுப் போட்டு "பாம்பு!"ன்னு சொல்லுங்க. நிக்குதா, பின்னாடி நகருதா, கூப்பிடுதான்னு பாருங்க. பாம்புன்னா உயிரா இருக்கிற குழந்தை இதை ஆசையா விளையாடும், திட்டிச் சொன்னா ஏறாது. செத்த பாம்பையும் தொடக்கூடாதுன்னு சேர்த்துச் சொல்லிடுங்க, செத்ததுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் தலை அனிச்சையா கடிக்கும். கல்லுக்கு அடியில, பொந்துக்குள்ள கை விடாதே, இருட்டுல விளக்கில்லாம போகாதே, வெளியில போனா செருப்பு. அவ்வளவுதான் பாடம்.

கடிச்சுட்டா என்ன செய்யன்னு அம்மாவுக்கு: கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, ஐஸ் வைக்காதீங்க. கடிபட்ட பக்கம் இருக்கிற மோதிரம், வளையல், கொலுசு எல்லாத்தையும் வீங்கறதுக்கு முன்னாடி கழட்டுங்க. குழந்தையை நடக்க விடாம தூக்கிட்டு, கையைக் காலை அசையாம வெச்சு, நேரா விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. பாம்பைத் தேடி அடிச்சு எடுத்துட்டுப் போக வேண்டாம். அந்த நேரத்துலதான் ரெண்டாவது ஆள் கடி வாங்கறான். உலகத்துல வருஷத்துக்கு 81,000-த்துல இருந்து 1,38,000 பேர் வரை பாம்புக்கடியில சாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நிறைய சாவு ஆஸ்பத்திரிக்கு லேட்டா போறதால.

நடுநிசி

இதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரே சட்டம் என்பது நல்ல யோசனை. கயிறு விளையாட்டை என் பையனோடும் ஆடப்போகிறேன்.

வெயில்நிழல்

நடுவுல ஒரு கேள்வி. என் பையனும் இதே ரகம். நேத்து பல்லி ஒரு அந்துப்பூச்சியைப் பிடிச்சதை முழுசாப் பார்த்துட்டான். பாதி இறக்கை வாய்க்கு வெளிய படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்தது. "பல்லி கெட்டதா?"ன்னு கேட்டு அழுதான். இத்தனைக்கும் பல்லிதான் அவனோட ஹீரோ. என்ன சொல்றதுன்னு தெரியாம "பூச்சிக்கு வலிக்காது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தூரிகை

"வலிக்காது" என்பதை விட்டுவிடலாம், அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். பல்லிக்குப் பசி, பூச்சிக்குத் தப்பிக்க ஆசை, இன்று பல்லி ஜெயித்தது, இப்படியே சொல்லுங்கள். கெட்டது நல்லது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அவன் இரண்டு பேருக்காகவும் வருத்தப்பட்டால் படட்டும். அழுகையை நிறுத்துவதற்கு அவசரப்படாமல் கூட உட்காருங்கள்.

பழைய பேனா

அதோடு இதையும் சேர்த்துச் சொல்லலாம்: பல்லி நம்மைப் போல மூன்று வேளை தின்பதில்லை. நம் உடம்பு உள்ளேயே அடுப்பெரித்துச் சூட்டைக் காப்பாற்றுகிறது, விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஊர்வன சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கின்றன. அதனால் அதே எடையுள்ள எலியோ குருவியோ தின்பதில் சிறு பங்கு போதும். பெரிய மலைப்பாம்பு ஒருமுறை வயிறு நிறையத் தின்றால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். "குளிர் ரத்தம்" என்று சொல்வதால் ரத்தம் எப்போதும் சில்லென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் காய்ந்துவிட்டு வரும் ஓணானின் உடம்பு நம் உடம்பைவிடச் சூடாகவே இருக்கலாம்.

இருகோடு

பொம்மை வாங்கிக் கொடுக்கலாம்னு ஒரு பை நிறைய பிளாஸ்டிக் ஊர்வன வாங்கினேன், என் தங்கச்சி பொண்ணுக்கு. உள்ளே தவளையும் சாலமாண்டரும் இருக்கு. அது நீர்நில வாழ்வன இல்லையோ? முதுகுல பாய்மரம் வெச்ச ஒண்ணு "டைனோசர்"னு எழுதியிருக்கு.

பழைய பேனா

பாய்மரக்காரர் டைமெட்ரோடான். டைனோசர் வருவதற்குக் கோடிக்கணக்கான வருடம் முன்பே போய்விட்டது. உறவுமுறையில் அது பல்லியைவிட நமக்குத்தான் நெருக்கம். முதலைக்கும் அப்படித்தான், பல்லியைவிடப் பறவைதான் கிட்டத்து உறவு. தவளையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பையைக் கொட்டிப் பிரித்து அடுக்குவதே நல்ல விளையாட்டு.

அதில் டுவாட்டாரா இருக்கிறதா பாருங்கள். இருக்காது. நியூசிலாந்தில் மட்டும் உள்ளது, பார்க்கப் பல்லி, ஆனால் பல்லி இல்லை. அதன் வம்சத்தில் மற்ற எல்லோரும் அழிந்து இது மட்டும் மிச்சம். தலை உச்சியில் மூன்றாவது கண் ஒன்று உண்டு, வெளிச்சத்தை உணரும்; வளர வளரச் செதில் மூடிவிடும். அங்கே இன்வர்கார்கில் நகர அருங்காட்சியகத்தில் இருந்த ஹென்றி என்ற டுவாட்டாரா, 2009இல் சுமார் 111 வயதில் அப்பாவானது.

ஈரமண்

மூணாவது கண் விஷயத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போ நெத்தியில ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டுத்தான் வெளிய வர்றா.

நிலவரம் சொல்லிடறேன். எதுவும் வாங்கலை. "அஞ்சு வயசு தாண்டி, நீயே கை கழுவி, நீயே பூச்சிக்குத் தீனி போடற வரைக்கும் இல்லை"ன்னு சொன்னேன். பூச்சி வளர்க்கணும்னதும் அவளே கொஞ்சம் யோசிச்சா. பதிலுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கேன். பல்லி வந்தா கோடு, வாலு மாறின பல்லி வந்தா வட்டம். கயிறு விளையாட்டு ஓடிக்கிட்டிருக்கு. "நில்லு" வந்துடுச்சு, "பின்னாடி போ" பாதி வந்திருக்கு, "கூப்பிடு" மட்டும் தெருவுக்கே கேட்கற மாதிரி வந்திருக்கு. நானும் பாம்புப் படத்தைப் பார்க்கிறேன், தலையைத் திருப்பாம. சினிமாவுல வர்ற மாதிரி பாம்பு படமெடுத்து நிக்கிறதைப் பார்க்கத்தான் இன்னும் முடியலை.

பள்ளிக்கூடத்துல தூரிகை சொன்னதைச் சொன்னேன். ஆமையை வெச்சு எண்ணச் சொல்லிக் கொடுக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க.

இப்போ புதுசா ஒண்ணு. சுவர்ல மாட்டின படத்துக்குப் பின்னாடி ரெண்டு சின்ன வெள்ளை முட்டை ஒட்டியிருக்கு. பல்லிதானே? அவ டேபிள் லைட்டைத் தூக்கிட்டு வந்து சூடு காட்டப் போறேங்கறா.

பச்சைவிளக்கு

பல்லிதான், ஒரு தடவைக்கு ரெண்டு போடும். லைட்டை முதல்ல வாங்கி வைங்க, வெந்துடும். அறைச் சூடே போதும். பெயர்த்து எடுக்காதீங்க, திருப்பாதீங்க. கோழி முட்டையை உருட்டற மாதிரி இதை உருட்டினா உள்ளே கரு செத்துப்போகலாம், ஒரே நிலையில இருக்கணும். அம்மா பல்லி வந்து அடைகாக்காது, குஞ்சு பொரிஞ்சதும் தானாவே ஓடிப்போய் வேட்டையாடும். சூட்டைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு மாசம் ஆகலாம். நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்கங்கறது போட்ட நாள் இல்லை, அதனால நாள் எண்ணி ஏமாற வேண்டாம்னு சொல்லி வைங்க.

ஈரமண்

எப்பவோ பொரிஞ்ச வெறும் ஓடா இருக்குமோ?

பச்சைவிளக்கு

ஓரத்துல ஓட்டை இருந்தா காலி. இல்லைன்னா பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. இளஞ்சிவப்பா, நரம்பு ஓடற மாதிரி தெரிஞ்சா உசுரு இருக்கு. மஞ்சளா வெறுமையா இருந்தா வாய்ப்புக் கம்மி. சில நொடி போதும்.

ஈரமண்

ஒண்ணு சிவப்பு. இன்னொண்ணு சரியா தெரியலை, டார்ச்சை அவதான் பிடிச்சிருந்தா, கை ஆடிக்கிட்டே இருந்தது.

மருந்துச்சீட்டு

முட்டையைத் தொட்டாளா? தொட்டிருந்தால் சோப்பு.